என்புக்குள் சீமெந்து: ஒரு சிகிச்சையின் வரலாறு

உம்மாவுக்கு முதுகில் உழைவு தொடங்கியபோது எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மார்பில் வந்த கட்டியை வெட்டி ஆறு வருடம் கழிந்திருந்தது. “கிணத்தடியில தண்ணி அள்ளின உழைவு மகன், எண்ணெய் தேச்சா சரியாகும்” என்று சொன்னா. முறிவு வைத்தியரிடம் கூட்டிப் போனோம். தண்ணீர் ஓதிக் குடித்தா. ஒருநாள் சுபஹுத் தொழுகையில் ருகூவுக்குக் குனிந்தவ நிமிரவில்லை. படம் எடுத்துப் பார்த்தபோது முள்ளந்தண்டின் ஒரு என்பு நசுங்கியிருந்தது. பழைய புற்றுநோய் அதற்குள் குடியேறி அரித்திருந்தது.

“வயசு போன ஆள், வலிக்குக் குளிசை குடுத்து வச்சிருங்க” என்றே முதலில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. பின்னர் கொழும்பில் ஒரு வைத்தியர், “சில பேருக்கு ஊசியால சீமெந்து வைக்கிற முறை ஒண்டு இருக்கு” என்றார். வீடு கட்டுகிற சீமெந்துதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து தேடி வாசித்ததன் சுருக்கமே இக்கட்டுரை. நான் வைத்தியன் அல்லன், வரலாற்று மாணவன். ஆகையால் வரலாற்றின் வழியாகவே இதனைச் சொல்கிறேன்.

என்பு முறிவு பற்றிய எழுத்தில் நம்மவர் பங்கு சிறியதல்ல. அந்தலூசியாவில் வாழ்ந்து 1013 அளவில் மறைந்த அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவி, தமது ‘அத்தஸ்ரீப்’ எனும் முப்பது பாக நூலின் இறுதிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். அதன் மூன்றாம் பகுதி முழுவதும் முறிவும் மூட்டு விலகலும் பற்றியது. முதுகென்பு முறிந்தவரின் கைகால்களில் உணர்வும் அசைவும் உண்டா என்று பார்த்தே விளைவைக் கணிக்க வேண்டும் என்ற அறிவு அங்கே இருக்கிறது. அதே நூலில், நாட்பட்டுப் பெருத்த புற்றை நெருங்க வேண்டாம், தாம் எவரையும் அதிலிருந்து குணப்படுத்தியதில்லை என்றும் அவர் ஒளிக்காமல் எழுதினார். முறிவும் புற்றும் அவர் நூலில் வெவ்வேறு அத்தியாயங்கள். இரண்டும் ஒரே என்பில் சந்திக்கும்போது செய்ய வேண்டியதை அறிய உலகம் இன்னும் பல நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மார்பில் இருந்த நோய் முதுகுக்கு ஏன் போகிறது? 1889இல் இலண்டன் வைத்தியர் ஸ்டீபன் பெஜட், மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார். நோய் கண்டபடி பரவவில்லை, சில உறுப்புகளையே நாடுகிறது என்று கண்டார். விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் விளக்கம். 1940இல் அமெரிக்கரான ஒஸ்கார் பட்சன் இன்னொன்றைக் காட்டினார். முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள நாளங்களில் வால்வுகள் இல்லை. இருமினாலோ முக்கினாலோ இரத்தம் அங்கே திசை மாறி ஓடலாம். உம்மாவின் முதுகுக்கு அந்த விதை போன பாதை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இனிச் சீமெந்துக்கு வருவோம். அதன் பெயர் பொலிமெதில்மெதக்ரிலேட். ஜேர்மனியில் ஒட்டோ றோம் 1933இல் ‘பிளெக்ஸிகிளாஸ்’ என்ற பெயரில் சந்தைப்படுத்திய கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் இதுவே. போர்க்காலத்தில் விமானங்களுக்கு யன்னலாயிற்று. பல் வைத்தியர்கள் பொய்ப்பல் கட்ட எடுத்தார்கள். 1950களின் இறுதியில் இங்கிலாந்தின் ஜோன் சார்ன்லி, செயற்கை இடுப்பு மூட்டைத் தொடையென்பில் பொருத்த இதனைப் பயன்படுத்தினார். அந்த யோசனையை அவருக்குக் கொடுத்தவர் பல் மருத்துவப் பொருட்கள் பற்றிய ஆய்வாளரான டெனிஸ் சிமித். தூளும் திரவமுமாக இருக்கும். கலந்தால் பசையாகும், சில நிமிடங்களில் சூடாகி இறுகும். 1970களில் அமெரிக்காவில் கெவின் ஹாரிங்டனும் சகாக்களும் புற்றுநோயால் முறிந்த என்புகளை உலோகத்துடன் இச்சீமெந்தையும் சேர்த்து நிலைநிறுத்தினர். ஆனால் அதற்கு உடலைத் திறக்க வேண்டும். நோயால் மெலிந்தவருக்கு அந்தக் காயமே பெரும் பாரம்.

திருப்பம் 1984இல் பிரான்சின் அமியான் நகரில் வந்தது. இரண்டாவது கழுத்தென்பில் இரத்தக்குழாய்க் கட்டியால் கடும் வலிப்பட்ட ஒரு பெண்ணுக்கு, நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் பியர் கலிபேரும் கதிர்ப்பட நிபுணர் ஹேர்வே டெரமோனும் ஊசி மூலம் அந்த என்புக்குள் சீமெந்தைச் செலுத்தினர். வலி நீங்கியது. 1987இல் அதனை எழுதி வெளியிட்டனர். அந்தக் கட்டி புற்றுநோய் அல்ல. ஆனாலும் அதே வழி விரைவிலேயே புற்று அரித்த என்புகளுக்கும், வயதால் தேய்ந்து நொறுங்கிய என்புகளுக்கும் போயிற்று. 1998இல் கலிபோர்னியாவின் மார்க் றைலி இன்னொரு படி வைத்தார். நசுங்கிய என்புக்குள் முதலில் ஒரு சிறு பலூனை ஊதி இடம் உண்டாக்கி, அந்த இடத்தைச் சீமெந்தால் நிரப்புவது அவருடைய முறை.

செய்முறையைக் கேட்டால் எளிதாகத் தோன்றும். நோயாளி குப்புறப் படுப்பார். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, முதுகுத் தோலில் சிறு துவாரமிட்டு ஊசியை என்புக்குள் கொண்டுபோவார்கள். சில மில்லிலீற்றர் சீமெந்து போதும். பலர் ஓரிரு நாளுக்குள் எழுந்து நடக்கிறார்கள். ஆபத்தும் உண்டு. சீமெந்து கசிந்து முண்ணாணை நெருக்கலாம், நாளம் வழியாக நுரையீரலுக்கும் போகலாம். அது என்பைத் தாங்குமே தவிரப் புற்றைக் குணமாக்காது. கதிர்வீச்சும் மருந்தும் தனியாக வேண்டும்.

இதில் சர்ச்சையும் உண்டு, அதை மறைப்பது வரலாறாகாது. 2009இல் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. புற்றுநோயால் அன்றி, என்புத் தேய்வால் முறிவு வந்தவர்களே அவற்றில் இருந்தனர். பாதிப் பேருக்கு உண்மைச் சிகிச்சை, மற்றவர்களுக்குப் பாவனை மட்டும். பாவனை தெரியாதிருக்கச் சீமெந்துத் திரவத்தைத் திறந்து அதன் மணத்தைக்கூட அறையில் பரவவிட்டார்கள்! இரு பகுதியினருக்கும் வலி ஒரேயளவில்தான் குறைந்தது. 2011இல் புற்றுநோயாளர் 134 பேரை வைத்துச் செய்த பலூன் சிகிச்சை ஆய்வு வேறு கதை சொன்னது. ஒரு மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களின் நடமாட்டமும் வலியும் தெளிவாகத் திருந்தின, மற்றவர்கள் பெரும்பாலும் இருந்தபடியே இருந்தனர். ஆனால் அதில் பாவனைச் சிகிச்சை இல்லை, யாருக்கு எது நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே இது எல்லா முதுகுவலிக்கும் மருந்தல்ல. தெரிந்தெடுத்த நோயாளிக்கு, தெரிந்தெடுத்த நேரத்தில் உதவுகின்ற ஒன்று.

அந்த நேரத்தைத்தான் நாங்கள் தவறவிட்டோம். நிபுணர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, “என்பிர பின்சுவர் உடைஞ்சிட்டு, கட்டி முண்ணாணுக்குக் கிட்ட வந்திட்டு. இதுக்குள்ள சீமெந்து வைக்கிறது ஆபத்து. மூணு மாதம் முந்தி வந்திருந்தா யோசிச்சிருக்கலாம்” என்றார். அந்த மூன்று மாதமும் நாங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். முறிவு வைத்தியரில் குற்றமில்லை. ஆறு வருடத்துக்கு முந்திய கட்டியைப் பற்றி அவருக்கு நாங்கள் சொல்லவேயில்லை. அது முடிந்துபோன விஷயம் என்று நினைத்திருந்தோம்.

உம்மாவுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். வலி பாதியாகக் குறைந்தது. “நிண்டு தொழ ஏலாட்டியும் பரவால்ல, இருந்து தொழ ஏலுமெண்டா போதும்” என்று கேட்டுக்கொண்டிருந்தவ, கடைசி எட்டு மாதமும் கதிரையில் இருந்து தொழுதா. அல்ஹம்துலில்லாஹ், அது கிடைத்தது.

இதை வாசிப்பவர் வீட்டில் எப்போதோ புற்றுநோய்க்கு வைத்தியம் செய்தவர் இருந்தால், அவருக்குப் புதிதாக முதுகில் உழைவு வந்தால், பழைய வைத்தியக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அந்தக் கிழமையே வைத்தியரிடம் போங்கள். காலில் பலம் குறைந்தால், மலசலம் கட்டுப்படாவிட்டால் அன்றைக்கே போங்கள். அமியானில் திறந்த ஊசித் துவாரம் எங்கள் உம்மாவுக்குப் பிந்திவிட்டது. உங்களுடையவர்களுக்குப் பிந்த வேண்டாம்.