மலைத்தோட்டத்து மண் எங்கே போகுது? கேரட் பாத்தியின் திசையில் இருக்கு விஷயம்!

ஊட்டி பக்கம் கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்திருப்பீங்க. சரிவு முழுக்க கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் தோட்டங்கள். மழை வலுத்தால் கீழே ஓடும் ஓடை செம்மண் நிறமாகிவிடும். அந்த நிறம், தோட்டத்தை விட்டு வெளியேறும் மேல்மண்.

எவ்வளவு மண் போகிறது?

இந்தியாவில் சராசரியாக ஒரு ஹெக்டேரில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரில், ஆண்டுக்கு 16.4 டன் மண் அரிக்கப்படுகிறது. துருவ நாராயணா, ராம்பாபு என்ற ஆய்வாளர்கள் 1983-ல் வெளியிட்ட கணக்கு இது. இதில் 29 சதவீதம் கடலுக்கே போய்விடுகிறது. 10 சதவீதம் அணைகளில் தங்கிவிடுகிறது. நீலகிரியின் குந்தா அணையில் வண்டல் சேர்வது பல வருடமாகப் பேசப்படும் பிரச்னைதான்.

16 டன் போனால் நிலத்தில் பள்ளமே விழணுமே? விழாது. ஒரு ஹெக்டேரில் அதைப் பரப்பினால் சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர் கனம்தான் வரும். ரெண்டு ஏடிஎம் கார்டை அடுக்கினால் வரும் கனம்கூட இல்லை. அதனால் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் மக்கு, போட்ட உரம், நுண்ணுயிர்கள் எல்லாம் அதிகம் இருப்பது அந்த மேலடுக்கில்தான்.

தெரிந்தே ஏன் செய்கிறார்கள்?

மலையில் பல தோட்டங்களில் பாத்தி மேலிருந்து கீழாக, சரிவின் போக்கிலேயே இருக்கும். மழைத்தண்ணீருக்கு அது நேர் ரோடு போட்ட மாதிரி. வேகம் கூடக்கூட மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும்.

இதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் தேங்கினால் உருளைக்கிழங்கு அழுகிவிடும். மண் போவது பல வருட நஷ்டம், கிழங்கு அழுகுவது இந்த சீசன் நஷ்டம். கடன் வாங்கி விதைத்தவர் எதைப் பார்ப்பார்?

அதனால் தண்ணீரை முழுசாகத் தடுக்கும் யோசனை இங்கே எடுபடாது. மெதுவாக வெளியேற்ற வேண்டும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காக, லேசான வாட்டம் மட்டும் வைத்து எடுத்து, அதன் முனையை புல் வளர்ந்த வாய்க்காலில் சேர்த்துவிடலாம். தண்ணீர் போகும், மண் நிற்கும்.

குறுக்குக் கோட்டைக் கண்டுபிடிக்க பெரிய கருவி தேவையில்லை. மூன்று குச்சிகளை 'ஏ' எழுத்து வடிவில் கட்டி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் போதும். நூல் குறுக்குக் குச்சியின் நடுவில் நின்றால், ரெண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கு என்று அர்த்தம்.

சரிவு அதிகமாக இருந்தால் படிக்கட்டு மாதிரி நிலத்தை வெட்ட வேண்டும். மழை அதிகமுள்ள மலையில் ஒவ்வொரு படியும் வெளிப்பக்கம் சாயாமல், மலையின் பக்கமாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கணும். இது முக்கியம். வெளியே சாய்ந்தால் படியின் விளிம்பே உடைந்துவிடும்.

வெட்டிவேர் எதற்கு?

நீலகிரியை ஒட்டிய கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டை பகுதி விவசாயிகள் தலைமுறைகளாக வரப்பில் வெட்டிவேர் வைத்து வந்தவர்கள். 1980-களில் உலக வங்கி இந்தப் புல்லை மண் பாதுகாப்புக்காகப் பரப்பத் தொடங்கியது. வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும், 3 மீட்டர் வரைகூட. அதனால் பயிரோடு பெரிதாகப் போட்டி போடாது. நெருக்கமாக நட்டால் புல்வரிசை சல்லடை போல வேலை செய்யும். மண் அதன் மேல்பக்கம் தங்கித் தங்கி, சில வருடத்தில் தானாகவே படி உருவாகும்.

மூடாக்கு இன்னும் எளிது. மழைத்துளி வெறும் மண்ணில் விழும் வேகத்தில்தான் அரிப்பே தொடங்குகிறது. அறுவடைக்குப் பிறகு நிலத்தைக் காலியாக விடாமல் இலை, தழை, பயிர்க்கழிவைப் பரப்பினால் அந்த அடி மண்மேல் விழாது.

குத்தகைக்காரர் என்ன செய்வார்?

சிக்கல் இங்கேதான். படி வெட்ட கூலி அதிகம், கொஞ்சம் விளைநிலமும் குறையும். அடுத்த வருடம் அதே நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் ஏன் அதில் பணம் போடணும்? வெட்டிவேர் வரிசை அடர்த்தியாகவும் ஓரிரு வருடம் ஆகும். தமிழகத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை மண் பாதுகாப்புப் பணிகளைச் செய்கிறது. ஆனால் நிலத்தில் நிரந்தர வேலை என்றால் உரிமையாளர் சம்மதம் வேண்டும். ஒரு வருடக் குத்தகைக்காரர் தானாக முடிவெடுத்துச் செய்யக்கூடியது ரெண்டுதான்: பாத்தியைக் குறுக்காகத் திருப்புவது, மூடாக்கு போடுவது.