கல்லுக்கும் தேய்மானம் உண்டு!

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு வானதியைத் தெரியும். அவளுடைய ஊர் கொடும்பாளூர். நாவலை மூடிவைத்துவிட்டு நிஜ ஊரைப் பார்க்கணும் என்றால், திருச்சியிலிருந்து மதுரை போகும் சாலையில் விராலிமலையைத் தாண்டினால் போதும். அங்கே இருக்கிறது மூவர் கோயில்.

பெயரில்தான் மூன்று. நிற்பது இரண்டு! மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே பாக்கி. சோழர்களுக்குத் தோள் கொடுத்த இருக்குவேளிர் குலத்து பூதி விக்கிரமகேசரி, தன் பெயரிலும் இரண்டு மனைவியர் பெயரிலும் எழுப்பிய கோயில்கள் இவை. ஒருத்தி பெயர் வரகுணா. இன்னொருத்தி பெயர் கற்றளி. அதாவது, கல்லால் ஆன கோயில்!

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? நடுக்கோயில் சுவரில் இருக்கும் ஒரு வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால், அதன் ஆரம்பப் பகுதி போய்விட்டது. வம்சாவளியின் முதல் பெயரும் அதோடு போச்சு. மிச்ச வரிகளை வைத்துக்கொண்டு, 'இது முதலாம் ஆதித்தன் காலமா, சுந்தர சோழன் காலமா?' என்று அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவே அரை நூற்றாண்டு இடைவெளி!

'கருங்கல்லாச்சே... அதுக்கு என்ன ஆகும்?' என்பீர்கள். ஆகும். புதுக்கோட்டைச் சீமை வெயிலில் கல்லின் மேற்பரப்பு கொதிக்கும். உள்ளே அத்தனை சூடு இருக்காது. கல்லில் கலந்திருக்கும் கனிமங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் விரியும். திடீரென்று மழை கொட்டினால் மேல்தோல் மட்டும் சட்டென்று சுருங்கும். இப்படியே பல நூறு வருஷம் நடந்தால் மயிரிழை விரிசல் விடாதா? அதில் தண்ணீர் இறங்கும். கருங்கல்லில் இருக்கும் 'ஃபெல்ஸ்பார்' என்ற கனிமத்தை அந்த ஈரம் மெள்ள மெள்ளக் களிமண்ணாக்கும். நிலத்திலிருந்து ஏறும் உப்பு விரிசலுக்குள் படிகமாகிப் பிளக்கும். கடைசியில், வெங்காயத் தோல் மாதிரி கல் உரியும்.

உரிவது மேல்தோல்தானே என்று விட்டுவிட முடியாது. எழுத்து வெட்டியிருப்பதே அந்தத் தோலில்தான்! கோயில் கம்பீரமாக நிற்கும், சரித்திரம் உதிர்ந்துபோயிருக்கும்.

எகிப்தின் கருங்கல் தூண் ஒன்றை 1881-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நிறுத்தினார்கள். சுமார் 3,500 வயதுத் தூண். எகிப்து மண்ணில் விழுந்துகிடந்த காலத்தில் உப்பைக் குடித்திருந்தது. புது ஊரின் ஈரமும் பனியும் பட்டதும் சில்லு சில்லாக உதிர ஆரம்பித்தது. பதறிப்போய் 1885-ல் பாரஃபின் மெழுகு பூசினார்கள்.

நாம் என்ன செய்தோம்? திருப்பணி என்ற பெயரில், பல கோயில்களில் மணலை அசுர வேகத்தில் பீய்ச்சிச் சுவரைப் 'பளிச்' ஆக்கினோம். வெயிலும் மழையும் நூற்றாண்டுகள் எடுத்துக்கொள்ளும் வேலையை ஒரே நாளில் முடித்த சாமர்த்தியம்!

நான் படித்தது காமர்ஸ். கட்டடத்துக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவோம். தேய்ந்தால் வேறு கட்டிக்கொள்ளலாம். கல்வெட்டை அப்படி மறுபடி வாங்க முடியாது. வெயிலை நிறுத்த நம்மால் ஆகாதுதான். ஆனால், மழைத் தண்ணீர் தேங்காமல் வடிய வழி செய்யலாம். இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைச் சின்னதிலேயே எடுத்துவிடலாம். எழுத்து இருக்கும்போதே மைப்படி எடுத்துவைக்கலாம். கொடும்பாளூரில் காணாமல்போன அந்த முதல் பெயர் இனி கிடைக்காமலே போகலாம். மிச்சப் பெயர்களாவது நம் பேரப் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டுமே!