தொலைநிலை எம்.பி.ஏ.: அங்கீகாரம், தரம், பெயர்

தொலைநிலை எம்.பி.ஏ. என்பது அன்றாடம் வகுப்புக்குப் போகாமல், வீட்டுக்கு வரும் பாடநூல்களையும் ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புகளையும் வைத்துப் படித்து, தேர்வெழுதிப் பெறும் வணிக மேலாண்மை முதுநிலைப் பட்டம். தமிழ்நாட்டில் பேச்சுவழக்கில் இதற்குப் பெயர் 'கரஸ்'. 'ரெகுலரா, கரஸா?' என்று கேட்பவர் ஒரு கேள்வி கேட்பதாகத்தான் நினைக்கிறார். உண்மையில் கேட்பது மூன்று: பட்டம் சட்டப்படி செல்லுமா, படிப்பில் சரக்கு இருக்கிறதா, வேலை கொடுப்பவர் மதிப்பாரா? முதலாவது அங்கீகாரம், அடுத்தது தரம், கடைசியில் வருவது பெயர். ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் கூடவே வரும் என்று நம்பிச் சேர்பவர்கள் ஏராளம்.

வரலாறு

வகுப்புக்கு வராதவர்களுக்கும் தேர்வு வைத்துப் பட்டம் தரும் ஏற்பாட்டை லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலை 1979-லும், சென்னை 1981-லும் இதில் இறங்கின. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) வந்தது. 1987-ல் அது முதன்முதலாக நடத்திய படிப்புகள் இரண்டே இரண்டு. ஒன்று தொலைநிலைக் கல்வியில் பட்டயம், மற்றது மேலாண்மைப் பட்டயம். இரண்டிலும் சேர்ந்தவர்கள் 4,528 பேர். வேலையை விடாமல் பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்தான் இந்த முறைக்கு இயல்பான மாணவர் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

அங்கீகாரம்

தொலைநிலைக் கல்வியை மேற்பார்வை செய்ய 1991-ல் ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. அதை இக்னோவுக்குள்ளேயே வைத்தார்கள். ஆட்டக்காரர் வீட்டிலேயே நடுவரும் குடியிருந்ததுபோல. 2013-ல் அது கலைக்கப்பட்டு, பொறுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு (யுஜிசி) வந்தது. இன்று அதன் தொலைநிலைக் கல்விப் பணியகம்தான் அனுமதி தருகிறது. 2020-ன் விதிமுறைகளின்படி, தொலைநிலைப் படிப்பு நடத்த விரும்பும் வழக்கமான பல்கலைக்கழகம் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவையின் (நாக்) மதிப்பீட்டில் 4-க்கு 3.01 புள்ளியாவது வாங்கியிருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100-க்குள் வந்திருக்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எம்.பி.ஏ. நடத்த அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) ஒப்புதலும் தேவை.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்துக்கு ஒட்டுமொத்தமாக ஒருமுறை கொடுத்துவிடும் அனுமதி அல்ல இது. எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு, எந்த முறை என்று தனித்தனியாகக் குறித்துக் கொடுப்பது. 'யுஜிசி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்' என்று விளம்பரத்தில் இருப்பது முழு உண்மையாகவே இருக்கலாம். அதே பல்கலைக்கழகத்தின் தொலைநிலை எம்.பி.ஏ.வுக்கு அந்த ஆண்டு அனுமதி இல்லாமலும் இருக்கலாம். சேர்ந்த ஆண்டில் அனுமதி இருந்ததா என்பதே கணக்கு. பட்டம் கைக்கு வந்த பிறகு இதைத் தேடுவதில் பயனில்லை.

பயிற்சி மையங்களைக் குத்தகைக்கு விடுவதை விதிகள் தடுக்கின்றன. ஆனாலும் கணினி மையத்தின் மாடியில் மேசை போட்டுச் சேர்க்கை நடத்தும் இடைத்தரகர்களும், 'ஒரே சிட்டிங்கில் டிகிரி' என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டப்படும் சுவரொட்டிகளும் குறைந்தபாடில்லை. கட்டண ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிடுவது நல்லது.

நீதிமன்றங்களும் இதில் பலமுறை தலையிட்டிருக்கின்றன. இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில முன் அனுமதி இல்லாமல் அஞ்சல்வழியில் பொறியியல் பட்டம் கொடுத்ததை 2017-ல் கடுமையாகக் கண்டித்தது. முறையாக அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் நேர்முறைப் பட்டத்துக்கு இணையானது என்று யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்தது. அந்த இணை சட்டத்தின் பார்வையில் மட்டும்தான். தரத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

தரம்

எம்.பி.ஏ. வகுப்பறை வாதத்தில் வளர்ந்த படிப்பு. ஒரு நிறுவனத்தின் சிக்கலை மேசைமேல் போட்டு, நாற்பது பேர் நாற்பது விதமாகச் சண்டையிடுவதுதான் ஹார்வர்டு புகழாக்கிய கற்பித்தல் முறை. அந்தச் சண்டையைப் பொட்டலத்தில் கட்டி அஞ்சலில் அனுப்ப முடியாது. அதற்கு ஈடாக என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு தொலைநிலை எம்.பி.ஏ.வின் தரம் பிடிபட்டுவிடும்.

முதலில் பாடநூல். வணிகச் சட்டப் பகுதியைப் புரட்டினால் போதும். 1956-ன் கம்பெனிச் சட்டத்துக்குப் பதிலாக 2013-ல் புதிய சட்டம் வந்துவிட்டது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரியும் வந்துவிட்டது. நூல் இன்னும் பழைய சட்டத்தையும் மதிப்புக்கூட்டு வரியையுமே விளக்கிக்கொண்டிருந்தால், மற்ற பாடங்களையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது ஒப்படைப்பு (அசைன்மென்ட்). விதிப்படி, அது அடங்கும் தொடர் மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30 விழுக்காடு, இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70 விழுக்காடு. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (1969-ல் சாசனம் பெற்றது, முதல் மாணவர்கள் 1971-ல் சேர்ந்தார்கள்) பெயர் எடுத்ததே இந்த ஒப்படைப்பில்தான். மாணவர் எழுதியதை ஆசிரியர் வரி வரியாகத் திருத்தி, எங்கே வாதம் தளர்கிறது என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார். அவருடைய குறிப்புதான் அங்கே வகுப்பு. நம்மூரில் பல மையங்களுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எழுதி முடித்த ஒப்படைப்பே விலைக்குக் கிடைக்கிறது. ஐம்பது பேருடைய கையெழுத்தில் ஒரே பிழை வந்தும் ஐம்பது பேருக்கும் ஒரே மதிப்பெண் விழுந்தால், அதை யாரும் படிக்கவில்லை என்றுதான் பொருள்.

சேர்வதற்கு முன் முன்னாள் மாணவர் ஒருவரிடம், திருத்தி வந்த அவருடைய தாள் ஒன்றை வாங்கிப் பார்ப்பது பத்துச் சிற்றேடுகளைப் படிப்பதைவிட மேல். கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். வரையறையைக் கேட்டே காலம் தள்ளுகிறார்களா, கணக்கைக் கொடுத்து முடிவெடுக்கச் சொல்கிறார்களா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பெயர்

பெயருக்கும் சட்டத்துக்கும் உறவு எவ்வளவு தளர்வானது என்பதற்கு இந்திய மேலாண்மைக் கழகங்களே சான்று. 2017-ன் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அவை கொடுத்தது பட்டம் அல்ல, முதுநிலைப் பட்டயம். நாட்டிலேயே எல்லாரும் ஏங்கிய மேலாண்மைப் படிப்பு, தாளின்படி எம்.பி.ஏ.வே இல்லை.

உலக அளவில் வணிகப் பள்ளிகளை எடைபோடும் முத்திரைகள் மூன்று: அமெரிக்காவின் ஏஏசிஎஸ்பி, பிரிட்டனின் அம்பா, ஐரோப்பாவின் ஈக்விஸ். மூன்றையும் பெற்ற பள்ளிகள் மிகச் சில. பிரிட்டிஷ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி அவற்றில் ஒன்று. பைனான்சியல் டைம்ஸ் 2014 முதல் இணையவழி எம்.பி.ஏ.க்களுக்குத் தனித் தரவரிசை வெளியிட்டது. தரவரிசைகள் பட்டதாரிகளின் சம்பளத்துக்குப் பெரும் இடம் கொடுப்பவை. ஏற்கெனவே நல்ல பதவியில் இருப்பவர் படித்தால் பள்ளிக்கும் நல்ல இடம் கிடைக்கும் என்பதை நினைவில் வைத்துத்தான் அவற்றைப் படிக்க வேண்டும்.

பட்டங்களிலும் போலி உண்டு. 2004-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகம், டிரினிட்டி சதர்ன் என்ற பெயரில் இயங்கிய 'பல்கலைக்கழகத்துக்கு' ஒரு பூனையின் பெயரில் விண்ணப்பம் போட்டது. கோல்பி நோலன் என்ற அந்தப் பூனைக்கு நிர்வாகிகளுக்கான எம்.பி.ஏ. பட்டம் வந்தது. தனிக் கட்டணம் செலுத்தியதும் மதிப்பெண் பட்டியலும் வந்தது. சராசரி 4-க்கு 3.5. வழக்குத் தொடுக்க அதுவே ஆதாரமாயிற்று.

வேலைச் சந்தையில் இரண்டு வழக்கம். அரசுப் பணிக்குத் தேர்வாணையம் பார்ப்பது வரிசையை: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலை, பிறகுதான் முதுநிலை. இதில் ஒரு படி தவறினாலும் மேலே உள்ளது நிற்காது. தனியார் நிறுவனத்தில் அப்படி இல்லை. அங்கே கரஸ் எம்.பி.ஏ. பெரும்பாலும் முதல் வேலையைத் தேடித் தருவதில்லை. ஏற்கெனவே பார்க்கும் வேலையில் அடுத்த படிக்கு ஏற உதவுகிறது. படிப்பு முறை, சேர்ந்த நாள், முடித்த நாள், தேர்வு மையத்தின் முகவரி எல்லாவற்றையும் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. நேர்காணலில் விவரமறிந்த அதிகாரி தாளைத் திருப்பி அதைப் பார்த்துக்கொள்கிறார். ரெகுலரா கரஸா என்று அவர் கேட்பதில்லை. புராஜெக்ட் எந்த நிறுவனத்தில் செய்தீர்கள், அங்கே யாரிடம் பேசினீர்கள் என்றுதான் தொடங்குகிறார்.