குவெட்டாவில் நின்ற வீடுகள்

மலர்க் குழுத் தம்பிகள் போனில் பிடித்து, "சார், பழைய ஞாபகம் ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரையும் சர்வே கேம்ப் கூத்தையும் நம் ஆட்கள் ஒருவர் விடாமல் ஒவ்வொரு மலரிலும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆகவே, சிவில் படித்தவன் என்ற உரிமையில் அதைவிடப் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் படித்த காலத்தில் எந்தப் பாடப்புத்தகத்திலும் என் கண்ணில் படாத ஒரு பெயர் அதில் வருகிறது. எஸ்.எல். குமார் என்ற ரயில்வே பொறியாளர்.

ஊர் குவெட்டா. இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் பலுசிஸ்தானத்தில் பெரிய ராணுவ ஊர், ரயில்வே ஊரும்கூட. 1931 ஆகஸ்ட் 25, 27 என்று இரண்டே நாள் இடைவெளியில் அந்த வட்டாரத்தை இரண்டு நிலநடுக்கங்கள் உலுக்கின. இரண்டாவதற்கு, போலன் கணவாய் ரயில் பாதையில் உள்ள மாச் என்ற ஊரின் பெயர். ரிக்டர் அளவில் 7-க்கு மேல். அதன் பிறகு ரயில்வே அதிகாரிகளுக்குக் குவெட்டாவில் குடியிருப்புகள் கட்டவேண்டி வந்தது. இனி ஒரு ஆட்டம் வந்தாலும் தாங்க வேண்டும் என்று அந்த வேலையை இளைஞரான குமாரிடம் ஒப்படைத்தார்கள்.

கட்டடம் என்றால் மேலிருந்து கீழே இறங்கும் பாரத்தைத் தாங்க வேண்டியது என்றுதான் கொத்தனார் முதல் பெரிய இன்ஜினியர் வரை பழகியிருந்தார்கள். நிலம் ஆடினால் பாரம் பக்கவாட்டில் வரும். செங்கல் சுவர் அழுத்தினால் எவ்வளவும் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். அதிலும் மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர் என்றால் கேட்கவே வேண்டாம். கட்டடத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் கொடுத்துத் தள்ளினாலும் நிற்க வேண்டும் என்று குமார் கணக்குப் போட்டார். டோக்கியோவை நாசம் செய்த 1923 நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பான்காரர்கள் 1924இல் சட்டத்தில் எழுதிவைத்த எண்ணும் இதுதான். இழுவையைத் தாங்க தண்டவாள இரும்பால் ஒரு கூடு, அதற்குள் செங்கல் என்று வீடுகள் எழுந்தன. ரயில்வேக்காரருக்குத் தண்டவாளத்துக்கா பஞ்சம்!

செய்ததை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1933இல் பஞ்சாப் இன்ஜினியரிங் காங்கிரஸில் கட்டுரையாகச் சமர்ப்பித்தார். இந்தியாவில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஆபத்து என்று பிரித்துக் காட்டும் வரைபடமும் அதில் இருந்தது. நம் நாட்டின் முதல் நிலநடுக்க மண்டல வரைபடம் என்று இத்துறையினர் அதைத்தான் சொல்கிறார்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பெரிய நிலநடுக்கம் ஒன்றில் நிலம் எவ்வளவு வேகமாக ஆடியது என்பதைக் கருவி வைத்து உலகம் முதன்முதலாகப் பதிவு செய்ததே அதே 1933இல், கலிபோர்னியாவின் லாங் பீச்சில்தான். கால்குலேட்டர்கூட இல்லாத காலம். ஸ்லைடு ரூலும் துணிச்சலும்தான் கையிருப்பு.

1935 மே 31, விடியற்காலை மூன்று மணி. குவெட்டா தூங்கிக்கொண்டிருந்தது. இறந்தவர்கள் 30,000 என்றும் 60,000 என்றும் மதிப்பீடுகள் மாறுபடுகின்றன. ரயில்வே குடியிருப்புப் பகுதி, சேதம் மிக அதிகமான இடத்துக்குள்ளேயே இருந்தது. அங்கே குமாரின் வீடுகள் நின்றன.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது பெருமைதான், மறைக்கவில்லை. அடுத்து வந்தது வேறு. நின்றவை அதிகாரிகளின் வீடுகள். விழுந்தது பஜார். இடிபாட்டில் செத்தவர்கள் இருந்த வீடுகளைக் கட்டியவர்களுக்கு அந்த 1933 கட்டுரை எட்டவே இல்லை. வழி தெரியாமல் போயிருந்தால் விதி என்று விட்டுவிடலாம். அதே ஊரில், கூப்பிடு தூரத்தில், செங்கலும் இரும்புமாக வழி நின்றுகொண்டிருந்ததே!

பிறகு வேகமாகக் காரியம் நடந்தது. செங்கற்களுக்கு நடுவே செங்குத்தாகத் துளை வரும்படி அடுக்கி, அதில் கம்பியை இறக்கிச் சாந்தால் நிரப்பும் முறைக்குக் 'குவெட்டா பாண்ட்' என்றே பெயர் வந்தது. 1937இல் நகரத்துக்கு ஒரு கட்டட விதியும் வந்துவிட்டது.

1947க்குப் பிறகு குவெட்டா அந்தப் பக்கம் போயிற்று. அந்த அனுபவமும் இந்தப் பக்கத்து ஞாபகத்திலிருந்து நழுவிவிட்டது. ரூர்க்கியில் பேராசிரியர் ஜெய் கிருஷ்ணா நிலநடுக்கப் பொறியியலைத் தனிப் பாடமாக வளர்த்து, 1960இல் அதற்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கி, 1962இல் ஐ.எஸ். 1893 என்ற தர விதி முதன்முதலாக வரும்வரை, கிட்டத்தட்ட மறுபடியும் ஆனா ஆவன்னாதான். விதி வந்த பிறகாவது எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததா? 1993 செப்டம்பர் 30 அன்று லாத்தூர் பக்கம் கில்லாரியும் சுற்றுக் கிராமங்களும் விழுந்தன. ஏறக்குறைய 8,000 பேர். கனமான கல் சுவர், மண் சாந்து, தலைக்கு மேல் பாரமான மண் கூரை. லிண்டல் மட்டத்தில் சுற்றி ஒரு கான்கிரீட் பெல்ட் ஓடியிருந்தால் எத்தனையோ சுவர்கள் பிரிந்து விழுந்திருக்காது. வரைபடத்தில் அந்த இடம் அன்று முதலாம் மண்டலம், அதாவது ஆபத்து மிகக் குறைவு என்ற பட்டியல்.

2001 ஜனவரி 26 அன்று பூஜ். அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அகமதாபாத்தில் புத்தம் புது அடுக்குமாடிகள் உட்கார்ந்துவிட்டன. கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரே இல்லாமல் வெறும் தூண்களில் நிறுத்தியிருந்தார்கள். மேலே மாடிதோறும் சுவர்கள் இறுக்கிப் பிடிக்க, ஆட்டம் முழுக்க அந்தத் தூண்களின் தலையில் விழுந்தது.

சென்னையில் இருப்பவர்கள் "அதெல்லாம் வடக்கே" என்று சொல்ல முடியாது. அதே 2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒன்று வந்து சென்னையையும் ஆட்டியது. 2002இல் திருத்திய வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. நம்ம ஊர் அடுக்குமாடிகளிலும் கீழே கார்கள்தான் நிற்கின்றன. வெறும் தூணில்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை சைட்டுக்குப் போனால், கான்கிரீட் போடும் முன் தூண் கம்பியைச் சுற்றிக் கட்டியிருக்கும் ரிங்கைக் குனிந்து பாருங்கள். நிலநடுக்கத்துக்கென்று 1993இல் வந்த ஐ.எஸ். 13920, அதன் முனைக் கொக்கியை 135 டிகிரிக்கு மடக்கித் தூணின் உள்ளே செருகச் சொல்கிறது. 90 டிகிரியில் விட்டால், ஆட்டத்தில் வெளிப்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்துகொள்ளும், பெரிய கம்பிகள் பிதுங்கிவிடும், தூண் போச்சு. கம்பி கட்டுகிறவரிடம் கேட்டால், "எப்பவும் இப்படித்தான் சார் மடக்குறது" என்பார். கோபப்படாதீர்கள், யாரும் அவருக்குச் சொன்னதில்லை. 135-க்கு மடக்க ஒரு ரிங்குக்கு எவ்வளவு நேரம் கூடுதலாகும் என்று அவரிடமே கேட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.