கருவறை வாயிலில் மூன்று பெண்கள்

அரங்கனோடு ஆண்டாள் கலந்தாள் என்பர் பக்தர். அவள் சிலைக்கு மாலை சூட்டப் பெண்ணொருத்தி வந்தாலோ, ஆகமம் தடுக்கிறது என்பர்! அந்தத் திருவரங்கத்திலேயே அர்ச்சகர் பயிற்சி பெற்று, 2023 செப்டம்பரில் சான்றிதழ் ஏந்தினர் கிருஷ்ணவேணி, ரம்யா, ரஞ்சிதா எனும் மூவர்.

பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் சட்டம் நிறைவேற்றியது கலைஞர் அரசு. 1972இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. ஏற்ற கையோடு, நியமனம் ஆகமப்படியே என்ற முடிச்சையும் போட்டது. அதே 1972இல் அமெரிக்காவில் யூத குருவாகப் பட்டம் பெற்றார் சாலி பிரீசாண்ட் எனும் மங்கை. அவருக்கும் மூத்தவர், ஜெர்மனியில் 1935இல் குருப்பட்டம் பெற்ற ரெஜினா யோனாஸ். பெண் குருவாகத் தடையில்லை என்பதை யூத மறைநூல்களைக் கொண்டே வாதிட்ட அறிவுச்செல்வி! 1944இல் நாஜிக் கொடியோர் அவரை ஆஷ்விட்சில் மாய்த்தனர்.

கடவுளை மறுப்போர்க்குக் கருவறையில் என்ன வேலை? இழிவு அங்கே காவல் நிற்கிறதே, தோழர்களே! மூவருக்கும் பெருங்கோயில்களில் மேலும் ஓராண்டுப் பயிற்சி என்றது அரசு. பயிற்சி வேறு, பணி வேறு.