ஒலியை வரைந்த சுவரொட்டிகள்

இசை காதுக்கு உரியது. சுவரொட்டி கண்ணுக்கு உரியது. முன்னது காற்றில் கரையும். பின்னது மழையில் கரையும். கரைந்து மறையும் இவ்விரண்டையும் இணைத்து நிலைத்த கலையொன்றைப் படைத்தனர் சென்ற நூற்றாண்டின் ஓவிய வல்லுநர் சிலர். அவர்தம் முயற்சியின் வரலாறு ஆசிரியரும் மாணவரும் அறிந்து பயன்கொள்ளத் தக்கது.

1891 ஆம் ஆண்டு பாரிசு நகரின் மூலான் ரூஷ் ஆடலரங்குக்குத் துலூஸ் லோத்ரெக் வரைந்த சுவரொட்டி உலகப் புகழ் பெற்றது. அதில் ஆடல் மகளின் உருவமே முதன்மை பெற்றது. கலைஞரின் உருவத்தையோ இசைக்கருவியையோ காட்டுவது பின்னரும் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ‘பாடுபவரைக் காட்டலாம், பாட்டையே காட்ட இயலுமா?’ என்னும் வினாவுக்குச் செயலால் விடை கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டின் யோசப் முல்லர் புரோக்மன் (1914–1996) ஆவார்.

சூரிக் நகரின் தோன்ஹாலே இசையரங்குக்காக அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சுவரொட்டிகள் படைத்தார். அவற்றுள் தலையாயது 1955 பிப்ரவரி 22 அன்று நடந்த பீத்தோவன் இசை நிகழ்ச்சிக்குரியது. அதில் பீத்தோவனின் முகம் இல்லை, இசைக்கருவியும் இல்லை. ஒரு மையத்தைச் சூழ்ந்து விரியும் வளைவுகளே உள்ளன. அவற்றின் அகலம் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என இரட்டித்துச் செல்கிறது. முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என இரட்டித்துப் பாடும் நம் இசைமரபை அறிந்தவர்க்கு இக்கணக்கு புதிதன்று. புள்ளிகளை முறையாக இட்டு, அவற்றுக்கிசையக் கோடு இழுக்கும் நம் வாசற் கோலத்தைப் போலவே, அவரும் தாளைக் கட்டங்களாகப் பகுத்துக்கொண்டே வடிவம் அமைத்தார். அம்முறையை விளக்கி 1981 இல் நூலும் வெளியிட்டார்.

எழுத்திலும் அவர் ஒரு புதுமை செய்தார். செருமன் மொழியில் பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்குதல் மரபு. அவரோ அச்சுவரொட்டியில் பீத்தோவனின் பெயரையும் சிறிய எழுத்திலேயே அச்சிட்டார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே இல்லாத தமிழுக்கு இச்சமன்மை இயல்பிலேயே வாய்த்திருக்கிறது என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் நலம்.

இவ்வெளிமைக்குத் தக்க காரணமும் உண்டு. சுவிட்சர்லாந்து நகரங்களில் 90.5 சென்டிமீட்டர் அகலமும் 128 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரே அளவுச் சுவரொட்டிகள் அருகருகே ஒட்டப்பட்டன. யாவும் உரக்கக் கூவும் சந்தையில் அமைதியாக நிற்பவனையே கண் தேடும் அன்றோ!

இசையும் அக்காலத்தே புதுவழி தேடியது. வெபெர்ன் என்பார் ஒரு சில நிமிடங்களில் ஆறு சிறு படைப்புகள் முடிந்துவிடுமாறு இயற்றினார். 1952 இல் சான் கேச் என்பார், கலைஞர் ஓர் ஒலியும் எழுப்பாது அமர்ந்திருக்கும் நான்கு நிமிடம் முப்பத்து மூன்று வினாடிப் படைப்பை அரங்கேற்றச் செய்தார். 1960 இன் இறுதியில் நியூயார்க்கின் ஒரு மாடியறையில் தொடங்கிய இசைத் தொடரின் அழைப்பிதழ், இதன் நோக்கம் பொழுதுபோக்கன்று எனச் சுருக்கமாக அறிவித்தது. 1962 இல் செருமனியின் வீஸ்பாடன் நகரில் புளுக்சசு இயக்கம் விழா எடுத்தது. அவ்வியக்கத்தின் அறிக்கைகள் பலவற்றை மச்சியூனஸ் தட்டச்சுப் பொறி கொண்டே உருவாக்கினார். பொருள் குறைந்த இடத்தும் கருத்து குறையவில்லை.

‘இத்தகைய சுவரொட்டி எளிய மக்களுக்கு விளங்குமோ?’ என்று வினவுவார் உளர். வினா நியாயமானதே. ஆயினும் நாள், இடம், நிகழ்ச்சி ஆகியவற்றை முல்லர் புரோக்மன் மறைத்தாரல்லர், தெளிவுறவே அச்சிட்டார். எளிமை வேறு, மறைப்பு வேறு. வேண்டாதவற்றை நீக்குதலே எளிமை. ஏழு சீரில் உலகை அடக்கிய குறளைப் போற்றும் நமக்கு இவ்வுண்மையைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் களம் விரிந்துள்ளது. 1981 இல் நுண்கலைக் கோயில் தோன்றியது. அம்பாங் சாலையை ஒட்டி எழுந்த இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998 இல் பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கு திறக்கப்பட்டது. 2010 இல் கோலாலம்பூரில் பரிசோதனைத் திரைப்படம், காணொளி, இசை ஆகியவற்றுக்கான விழா தொடங்கியது. ஆனால் நம் தமிழ் நிகழ்ச்சிகளின் அறிவிப்புகளிலோ புரவலர் முகங்களும் பட்டங்களும் நிறைந்து, பாடுபவர் பெயரும் பாடும் நேரமும் மூலையில் ஒடுங்கக் காண்கிறோம். வந்தோரை மதித்தல் பண்பே. எனினும் அறிவிப்பின் கடமை அறிவித்தலே.

மற்றொன்றும் சொல்லத் தகும். சூரிக் சுவரொட்டிகள் காக்கப்பட்டமையாலேயே அவற்றின் வரலாறு எழுதப்பட்டது. நம் கலைநிகழ்ச்சிகளின் துண்டறிக்கைகளோ நிகழ்ச்சி முடிந்த மறுநாளே குப்பையைச் சேர்கின்றன. ஒவ்வொரு பள்ளி நூலகமும் ஒரு கோப்பில் அவற்றைத் திரட்டி வைக்குமாயின், எந்நாளில் எவர் எங்கே பாடினர் என்பதற்கு வருங்காலத்தார்க்குச் சான்று கிட்டும். மாணவர்க்கும் பள்ளிவிழா அறிவிப்பைப் பத்துச் சொற்களுள் அமைக்கும் பயிற்சி தரலாம். சொல்லைச் சுருக்கக் கற்றவன் பொருளைப் பெருக்கக் கற்றவனாவான்.