நீல வால்வெள்ளி: பொம்மைப் பெட்டியைத் திருத்துவது எப்படி?

1929 பெப்ரவரி 21இல் நியூ ஜேர்சி சென்ட்ரல் ரயில் கம்பனி, ஜேர்சி சிற்றிக்கும் அட்லாண்டிக் சிற்றிக்கும் இடையில் ஒரு ரயிலை ஓடவிட்டது. பெயர் 'புளூ கொமற்', நீல வால்வெள்ளி. கடலுக்கும் வானத்துக்கும் இரண்டு நீலம், கடற்கரை மணலுக்கு ஒரு கிறீம் பட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வால்வெள்ளியின் பெயர். இவ்வளவு சோடனைக்கும் சாதாரண ரிக்கெற் காசுக்கு மேல் ஒரு சதம்கூட வாங்கவில்லை.

அடுத்த வருசமே நியூயோர்க்கின் லயனல் கம்பனி இதைப் பொம்மையாக்கி விற்றது. சுமார் ஒன்றரை அடி நீளத் தகரப் பெட்டிகள், உள்ளே பல்ப் எரியும். ஃபே, வெஸ்ற்பால், ரெம்பல் எண்டு மூன்று பெயர்கள். மூன்றுமே 19ஆம் நூற்றாண்டில் வால்வெள்ளி கண்டுபிடித்த வானியலாளர்களுடையவை. லயனலின் விலை கூடிய செற்றுகளில் இதுவும் ஒன்று. உண்மை ரயிலில் ஆரும் ஏறலாம், பொம்மையை வாங்கத்தான் வசதி வேணும்!

பொருளாதார வீழ்ச்சியும் மோட்டார் காரும் சேர்ந்து 1941 செப்டெம்பரில் ரயிலை நிறுத்தின. அதற்கு முன்னமே, 1938உடன், லயனலும் பொம்மையைக் கைவிட்டிருந்தது.

இண்டைக்கு அப்படியொரு பெட்டி கையில் கிடைத்தால் என்ன செய்வது? துணி சுற்றிய பழைய வயர் வெடித்திருக்கும், மாற்றலாம். துருவையும் நிறுத்தலாம். அக்காலத் துத்தநாக வார்ப்புகளுக்கு வரும் நோய்க்குத்தான் மருந்தில்லை. உலோகத்தில் கொஞ்சம் ஈயம் கலந்திருந்தாலே போதும், வருசக்கணக்காக ஈரக்காற்றுப் பட்டு அது வீங்கி, வெடித்து, கையில் உதிரும். புதுசா வார்த்துத்தான் போடவேணும்.

சண்டை வாறது பெயின்ற்றில். முழுசாச் சுரண்டிப் பளபளவெண்டு அடிப்பவர்களும் இருக்கிறார்கள், தொடவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். பழைய பெயின்ற் இருக்கும் பெட்டிக்குத்தான் சேகரிப்பாளர்கள் கூடக் காசு கொடுப்பார்கள். எனக்குக் காசை விட வேறொரு காரணம் பெரிசு. இந்தப் பொம்மை அந்த ரயிலுக்குச் சரியான சாட்சி இல்லை. உண்மை எஞ்சினின் சக்கர அமைப்பு 4-6-2, லயனல் செய்ததோ 4-4-4. ஆனால் அந்த ரயிலை எந்த நீலத்தில், எந்த மினுக்கத்தில் பிள்ளைகளுக்கு விற்றார்கள், அந்தப் பிள்ளைகள் எங்கே இடித்துக் கீறினார்கள் என்பதற்கு அது நேரடிச் சாட்சி. சுரண்டினால் போவது அதுதான்.

அதுக்காகத் துருவை அப்படியே விட்டால் தகரம் ஓட்டையாகும். அந்த இடத்தை மட்டும் துடைத்து மூடினால் போதும். சக்கரம் மாற்றினால் பெட்டியின் அடியில் வருசத்தை எழுதிவைக்க வேணும், நாளைக்கு ஒருத்தர் அதை அசல் எண்டு விற்காமல் இருக்க.